ஸ்பாக் போட்ட தப்புக்கணக்கு

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு வெளிநாட்டில் வானியல் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். நான் போகவில்லை. அந்த வருத்தமெல்லாம் ஆறிப்போனதாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது பிளஸ் டூ படிக்கும் மகள், வானியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால் வேலைக்குப் பஞ்சமில்லை என்கிறார் கணவர். நான் மகளுக்காக வாய் திறந்தாலே, “உனக்குக் கிடைக்காததை இவளை வைத்துச் சாதிக்கப் பார்க்கிறாய்” என்கிறார். உண்மையிலேயே அப்படித்தானோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. நானும் மகளும் ஸ்டார் ட்ரெக் தொடரின் தீவிர ரசிகைகள். “ஸ்பாக் மாதிரி யோசிம்மா, எமோஷனை ஓரங்கட்டு” என்கிறாள் அவள். இந்த மாதிரிக் கதைகளை நம்பி வாழ்க்கையில் முடிவெடுக்க முடியுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: கதையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஆனால், நாம் முடிவெடுக்கும்போது எங்கே சறுக்குகிறோம் என்பதை நல்ல அறிவியல் புனைகதை வெட்டவெளிச்சமாகக் காட்டிவிடும். தர்க்கத்தை மட்டுமே நம்பும் ஸ்பாக்கை உங்கள் மகள் இழுத்ததால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

1967 ஜனவரியில் ஒளிபரப்பான ‘தி கலிலியோ செவன்’ என்ற எபிசோடை இருவரும் இன்னொரு முறை பாருங்கள். ஏழு பேரோடு ஒரு சிறு விண்கலம் முன்பின் தெரியாத கிரகத்தில் விழுந்துவிடுகிறது. தலைமைப் பொறுப்பு ஸ்பாக்குக்கு. கலத்தைச் சுற்றி ராட்சத உருவங்கள். அவற்றைக் கொல்ல வேண்டாம், நம் ஆயுதபலத்தைக் காட்டினால் மிரண்டு ஓடிவிடும் என்பது ஸ்பாக்கின் கணிப்பு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை மிரளவில்லை, கோபத்தோடு திரும்பி வந்து கலத்தைத் தாக்குகின்றன. இன்னொரு பக்கம், செத்துப்போன தோழர்களை முறையாக அடக்கம் செய்ய வேண்டும் என்று கூட இருப்பவர்கள் கேட்கிறார்கள். இந்த நெருக்கடியில் அது எதற்கு என்று நினைக்கிறார் ஸ்பாக். குழுவே அவருக்கு எதிராகத் திரும்பும் நிலை வந்துவிடுகிறது.

அவருடைய கணக்கில் கூட்டலும் கழித்தலும் சரிதான். எதிரியின் கோபமும் கூட இருப்பவர்களின் துக்கமும் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. கடைசியில் கலம் எப்படியோ மேலே எழும்பிவிடுகிறது, ஆனால் எரிபொருள் கொஞ்சம்தான் மிச்சம். ஸ்பாக் யாரையும் கேட்காமல் அதை மொத்தமாக வெளியேற்றிக் கொளுத்திவிடுகிறார். விலகிப் போய்க்கொண்டிருந்த தாய்க்கப்பல் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பி வருகிறது. உயிரோடு இருந்த ஐந்து பேரைக் காப்பாற்றியது அந்தச் சூதாட்டம்தான். பிறகு எல்லோரும் அவரைக் கிண்டல் செய்கிறார்கள். அதுவும் தர்க்கப்படி எடுத்த முடிவுதான் என்று முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு சாதிக்கிறார் மனிதர்.

நம்மூர் ‘எந்திரன்’ படத்திலும் (2010) இதே இடம் உண்டு. தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ரோபோ சிட்டி அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்துக்கு நடுவில் நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றியாயிற்று, கட்டளை முடிந்தது. அவமானம் தாங்காமல் ஓடும் அந்தப் பெண் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். சிட்டிக்கு உணர்ச்சி வந்த பிறகு நடக்கும் ரகளைதான் பலருக்கும் நினைவிருக்கும். எனக்கு இந்தக் காட்சிதான் முக்கியமாகப் படுகிறது. வெட்கம் என்பது அந்த இடத்தில் சிட்டிக்கு எட்டாமல்போன ஒரு தகவல்.

இது கதாசிரியர்களின் கற்பனை மட்டும்தானா? நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ 1994இல் வெளியிட்ட நூலில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். மூளையின் முன்பகுதியில், உணர்ச்சிகளோடு தொடர்புள்ள இடத்தில் அவருக்குப் பாதிப்பு. அறிவுக்கூர்மையில் குறையில்லை. அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைச் சொல்லி எது வசதி என்று கேட்கிறார் டமாசியோ. நோயாளி டைரியைப் பிரித்து வைத்துக்கொண்டு, இந்தத் தேதியில் என்ன சிக்கல், அந்தத் தேதியில் வேறு என்ன வேலை, வானிலை எப்படி இருக்கும் என்று ஏறக்குறைய அரை மணி நேரம் அலசுகிறார். முடிவு மட்டும் வரவில்லை. இரண்டாவது தேதிக்கே வாருங்கள் என்று மருத்துவர் சொன்னதும், சரி என்று போய்விட்டார். உணர்ச்சியை அடியோடு ஓரங்கட்டினால் இப்படி டைரியும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மகளிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் பழைய வருத்தம். ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தலைமுறைத் தொடரில் 1993இல் வந்த ‘டேப்பெஸ்ட்ரி’ எபிசோடைப் பார்த்திருப்பீர்கள். கேப்டன் பிக்கார்டுக்கு இளவயதில் ஒரு கைகலப்பில் நெஞ்சில் கத்தி பாய்ந்து, செயற்கை இதயம் வைத்திருப்பார்கள். அந்தச் சண்டையைத் தவிர்க்க அவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. தவிர்க்கிறார். திரும்பி வந்தால் அவர் கேப்டன் இல்லை. எந்த ஆபத்திலும் தலையிடாத, யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத ஒரு சின்ன அதிகாரி. இப்படி வாழ்வதற்குக் கத்திக்குத்தே மேல் என்று பழையபடி போய்க் குத்து வாங்கிக்கொள்கிறார்.

இந்த எபிசோடோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. சாவைவிட மோசம் என்று அதில் காட்டப்படும் அந்த உத்தியோகம் எது தெரியுமா? வானியற்பியல் பிரிவில் உதவி அதிகாரி! ஒழுங்காக வேலை பார்த்துவிட்டுப் போகும் ஒருவரின் வாழ்க்கையை அவ்வளவு மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் படித்துப் போன பிள்ளைகளும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் ஒரு காரியத்தைக் கதாசிரியர் நேர்மையாகச் செய்திருக்கிறார். ‘அப்படிச் செய்திருந்தால்’ என்ற இன்னொரு வாழ்க்கையை, வேலை, மேலதிகாரியின் பேச்சு, கெட்டுப்போன நட்பு எல்லாவற்றோடும் எழுதிக்காட்டுகிறார். நாம் அதைச் செய்வதில்லை. வாழ்ந்த வாழ்க்கை கரண்ட் பில், மருந்துச் சீட்டு உட்பட முழுதாக நினைவில் இருக்கிறது. வாழாத வாழ்க்கையில் தொலைநோக்கியும் பட்டமளிப்பு விழாவும் மட்டும்தான் வருகின்றன. இப்படி ஒப்பிட்டால் எந்த நிஜம் ஜெயிக்கும்? அமெரிக்க உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் சொன்னது இது: செய்துவிட்ட காரியம் அப்போதைக்கு உறுத்தும், வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, செய்யாமல் விட்டதுதான் அதிகம் உறுத்தும். செய்யாததற்கு முடிவே இல்லாததால் மனம் அதை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வளர்த்துக்கொண்டே போகும்.

ஆகவே ஒரு நோட்டை எடுத்து, போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எழுதுங்கள். வெற்றியை மட்டும் எழுதக் கூடாது. பனி கொட்டும் ஒரு நாள், நடு ராத்திரியில் திருச்சியிலிருந்து போன் வருகிறது, அப்பாவுக்கு முடியவில்லை, டிக்கெட்டுக்குக் காசில்லை. அதையும் எழுதுங்கள். ஆய்வகத்தில் நீங்கள் அடைந்திருக்கக்கூடிய சந்தோஷத்தையும் குறைக்காமல் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகும், போயிருக்க வேண்டும் என்றே தோன்றலாம். தோன்றட்டும். அந்த ஆசையை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டால் மகள் தலையில் ஏற்றுகிறோமோ என்ற பயம் குறையும்.

மகளுடைய ஆசை அவளுடையதுதானா என்று பார்க்க ஒரு வழி, அந்தப் படிப்பின் சலிப்பான பக்கத்தைக் காட்டுவது. திருவனந்தபுரம் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்திலோ, ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) ஒன்றிலோ, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலோ மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளை யாரையாவது பிடியுங்கள். நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தாய் என்று உங்கள் மகளே கேட்கட்டும். வானத்தைப் பார்க்கும் நேரத்தைவிடக் கணினியில் நிரல் எழுதி, குவிந்து கிடக்கும் தரவுகளை அலசும் நேரம்தான் அதிகம் என்று தெரியவரும். உளவியலாளர் டேனியல் கில்பர்ட் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: எதிர்காலத்தில் எப்படி உணர்வோம் என்று தெரிய, அதே நிலையில் இப்போது இருக்கும் ஒருவரைக் கேட்பது நம் கற்பனையைவிட நம்பகமானது. கேட்ட பிறகும் அவள் கண்ணில் அதே வெளிச்சம் இருந்தால் அது உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஆசையாக இருக்க வாய்ப்புக் குறைவு. கூடவே, அந்த நிரல் எழுதும் பயிற்சி வேலைச் சந்தையிலும் செல்லுபடியாகும் என்பது கணவருக்குக் கொஞ்சம் ஆறுதல் தரும்.

கணவரைப் பற்றிக் கடைசியாக ஒன்று. வேலை, சம்பளம் என்று பேசுவதால் அவர் உணர்ச்சி இல்லாமல் பேசுகிறார் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குள்ளும் ஒரு பயம் இருக்கும். அது எங்கே தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியவில்லை என்றே உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. பதினேழு வயதில் அவர் என்ன படிக்க ஆசைப்பட்டார், யார் தடுத்தார்கள்? விண்ணப்பப் படிவங்களை நிரப்ப உட்காருவதற்கு முன்னால், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரிடம் அதைக் கேளுங்கள்.