அடுத்த புத்தகத்தை அடுத்தவர் தேர்ந்தெடுக்கட்டும்

ஜனவரியில் புத்தகக் காட்சியில் வாங்கிய பை ஆடி மாதம் வந்தும் பிரிக்கப்படாமல் கிடக்கிறதா? பத்து சதவீதத் தள்ளுபடி என்றதும் கை தாராளமாகிவிடுகிறது. பிறகு அலமாரி முன்னால் நின்று, எதை எடுப்பதென்று தெரியாமல், கைப்பேசியோடு போய் உட்கார்ந்துவிடுகிறோம். தேர்வை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்ல வழி. ஆனால் பலரும் மொத்த அலமாரியையும் காட்டி, "எதைப் படிக்கலாம், சொல்லுங்க" என்கிறார்கள். வந்தவர் தனக்குத் தெரிந்த பெயரைத் தேடி, பொன்னியின் செல்வனில் போய் நிற்பார். அதற்கு அவர் எதற்கு?

முதலில், படிக்காதவற்றை எல்லாம் கீழே இறக்கித் தனியாக அடுக்குங்கள். பாதியில் விட்டவை இதில் சேராது.

அடுத்து, அதிலிருந்து நான்கு புத்தகங்களைப் பொறுக்க வேண்டும். ஐந்து கூடாது, ஐந்தாவதை யாரும் கவனிப்பதில்லை. சறுக்குகிற இடம் இதுதான். நான்கில் ஒன்று ஏற்கெனவே உங்கள் மனதுக்குள் ஜெயித்திருக்கும். வேறொன்றை அவர் காட்டினால் "ஓ, அதுவா" என்று இழுப்பீர்கள். அப்படி ஒன்று இருந்தால் யாரையும் கேட்காமல் இன்றைக்கே அதைப் படியுங்கள். பட்டியலுக்கு அது வேண்டாம். இன்னொன்று கௌரவத்துக்காக உள்ளே வந்திருக்கும். காவல் கோட்டமும் அஞ்ஞாடியும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவை, இரண்டுமே ஆயிரம் பக்கத்தைத் தாண்டுபவை. இவற்றை மெலிந்த வாடிவாசலுக்குப் பக்கத்தில் வைத்தால், பார்ப்பவர் உங்கள்மேல் இரக்கப்பட்டு வாடிவாசலைத்தான் காட்டுவார். தடிமனான புத்தகங்களுக்கென்று தனியாக ஒரு நான்கைச் சேர்த்து, நீண்ட விடுமுறைக்கு முன்னால் கேளுங்கள். தொடர் நாவல் என்றால் முதலாவது மட்டும். கோபல்ல கிராமத்தைப் படிக்காமல் கோபல்லபுரத்து மக்களைப் பட்டியலில் வைக்காதீர்கள். வெண்முரசு இருபத்தாறு நாவல்கள்; முதற்கனலைத் தேர்ந்தெடுத்தவர் மற்ற இருபத்தைந்துக்கும் பொறுப்பாக முடியாது.

சோதனை சுலபம். நான்கில் எது வந்தாலும் இன்று இரவே முதல் பக்கத்தைத் திறப்பேனா என்று கேட்டுப் பாருங்கள். தயக்கம் வருகிற புத்தகத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வையுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, மீதி எல்லாம் ஐந்து நிமிட வேலை.

இனி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பின்னட்டையைப் படித்துக் காட்டாதீர்கள், பாதிப் பின்னட்டைகளில் புகழுரைதான் இருக்கும். புயலிலே ஒரு தோணி என்றால் 'இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மேடானிலும் பினாங்கிலும் இருந்த தமிழர்கள்.' தண்ணீர் என்றால் 'சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், அதில் அல்லாடும் பெண்கள்.' வெக்கைக்கு, 'பழிக்குப் பழி வாங்கிவிட்டுத் தலைமறைவாக அலையும் பையனும் அவன் அப்பாவும்.' இதிலிருந்துதான் 2019இல் அசுரன் படம் வந்தது என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்லாதீர்கள். "படம்தான் பார்த்தாச்சே" என்று ஒதுக்கிவிடுவார்கள், அல்லது தனுஷுக்காகவே அதைக் காட்டுவார்கள். இரண்டும் தேர்வு ஆகாது.

யாரிடம் கேட்பது? நிறையப் படிக்கிறவரிடம் வேண்டாம் என்பேன். நான்கையும் தள்ளிவிட்டு, "இதெல்லாம் விடுங்க, நான் ஒண்ணு சொல்றேன்" என்று ஐந்தாவதை வாங்க வைப்பார். வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பும் வேண்டாம். முடிவதற்குள் அது அரசியலுக்குப் போய்விடும். படிக்கும் வழக்கமில்லாத ஒருவர்தான் தோதான ஆள்: அம்மா, சித்தப்பா, அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர். "எது நல்லா இருக்கும்" என்று அவரிடம் கேட்டால், "எனக்கென்ன தெரியும்" என்று நழுவுவார். "இதுல எந்தக் கதையை நான் படிச்சுட்டு வந்து உங்களுக்குச் சொல்லட்டும்?" என்று கேளுங்கள். உடனே பதில் வரும், ஏனென்றால் இப்போது அது அவருடைய விஷயம். நீங்களும் சாக்குச் சொல்ல முடியாது, அடுத்த வாரமே "அந்தப் பினாங்கு கதை என்னாச்சு?" என்று விசாரிப்பார்.

வெளியூரில் இருப்பவருக்கு அட்டைகளைப் படமெடுத்து அனுப்புங்கள், முதுகுகளை அல்ல. ஒல்லிப் புத்தகத்தின் முதுகில் எழுத்தே தெரியாது.

சொன்ன அன்றே ஆரம்பித்துவிடுங்கள். ஐம்பது பக்கம் வரை பொறுமை காக்கலாம். அதற்கு மேலும் ஓடவில்லை என்றால் மூடிவிட்டு, அதே ஆளிடம் போய் மீதி மூன்றிலிருந்து கேளுங்கள். ஆளை மாற்றினால் பட்டியலை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.

எழுத்தாளர் நண்பர் யாராவது இருந்தால் அவரை மட்டும் இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தன் புத்தகம் அந்த நான்கில் ஏன் இல்லை என்றுதான் அவர் முதலில் கேட்பார்.