சினமும் சோர்வும் இருதயமும்

சினமுற்றவனின் முகம் சிவப்பதையும், மூச்சு விரைவதையும், கை நடுங்குவதையும் யாவரும் கண்டிருக்கிறோம். துயரத்தில் ஆழ்ந்தவன் உணவை வெறுத்து, உறக்கமின்றி, ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பதையும் கண்டிருக்கிறோம். இவை மனத்தை மட்டுமே சேர்ந்தவை என்று கருதுவது பிழையாகும். இவ்விரு நிலைகளும் இருதயத்தைத் தாக்குகின்றன. சினம் சில மணி நேரத்தில் தாக்குகிறது. சோர்வு பல மாதங்களாக, பல ஆண்டுகளாக அரிக்கிறது. பெரிய மருத்துவமனைக்குக் கடல் கடந்து செல்ல வேண்டிய அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பணிபுரியும் சுகாதார ஊழியரும் ஆசிரியரும் இவ்வுண்மையை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

சினத்தின் விளைவு

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் புகழுடன் விளங்கிய அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் என்பார் மார்புவலியால் வருந்தி வந்தார். கோபம் எழும்போதெல்லாம் வலியும் எழுவதை அவரே கண்டறிந்து, தமக்குச் சினமூட்ட முற்படும் எவர் கையிலும் தம் உயிர் இருப்பதாகக் கூறுவார். 1793-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் மருத்துவமனைக் கூட்டமொன்றில் அவர் கூற்று மறுக்கப்பட்டது. சினத்தை அடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்றவர் அங்கேயே சாய்ந்து உயிர் நீத்தார்.

ஹண்டர் தம்மிடம் கண்டதைப் பிற்காலத்தார் அளந்து காட்டினர். அமெரிக்காவில் மாரடைப்புக்கு ஆளாகிப் பிழைத்த 1,623 பேரை விசாரித்து 1995-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியின்படி, கடுஞ்சினம் கொண்டபின் இரண்டு மணி நேரம் வரை மாரடைப்பு நேரும் அபாயம் ஏனைய வேளைகளில் இருப்பதைவிட இரு மடங்குக்கும் சற்று மேலாகிறது.

இதன் காரணம் யாது? சினம் எழுந்தவுடன், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலின் என்னும் பொருளை இரத்தத்தில் சேர்க்கின்றன. நாடித்துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, இரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. கொழுப்புப் படிந்து குறுகிய இரத்தக் குழாயில் அப்படிவு வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து அடைப்பு உண்டாகலாம். உடல்நலமுள்ள 280 பேரைக் கொண்டு அமெரிக்காவில் செய்த சோதனையொன்று 2024-இல் வெளியாயிற்று. கோபமூட்டிய பழைய நிகழ்ச்சியொன்றை எட்டு நிமிடம் நினைத்த மாத்திரத்திலேயே இரத்தக் குழாய்களின் விரியும் ஆற்றல் குன்றியது. அக்குறை 40 நிமிடம் வரை நீடித்தது.

இளமையும் உடல்நலமும் உள்ள ஒருவர் என்றோ ஒரு நாள் சினப்பதால் அஞ்ச வேண்டியது மிகச் சிறிதே. முன்னரே இருதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர் நாள்தோறும் சினப்பதே கவலைக்குரியது.

சோர்வின் விளைவு

மனச்சோர்வு என்பது ஓரிரு நாள் வருத்தமன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, பசியின்மை, களைப்பு, தன்னையே இழித்துரைத்தல் ஆகியவை தொடருமாயின் அதனை நோய் என்றே கொள்ள வேண்டும். கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் மாரடைப்பினின்று மீண்ட 222 பேரை ஆராய்ந்து, 1993-இல் முடிவுகளை வெளியிட்டனர். மனச்சோர்வுடையோர் ஆறு மாதத்திற்குள் இறக்கும் அபாயம் மற்றவர்க்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு எனத் தெரிய வந்தது. சோர்வுற்றவர் மருந்தை மறக்கிறார், நடப்பதில்லை, புகையிலையையும் மதுவையும் நாடுகிறார். இவையன்றி, அவருடலில் அழுத்தத்தை உண்டாக்கும் சுரப்புகளும் ஓயாமல் வேலை செய்கின்றன.

தீவுகளின் அனுபவம்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இத்தீவுகளில் எண்ணற்ற குடும்பங்களைச் சிதைத்தது. பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் நிலையமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் இங்கு வந்து பணியாற்றினர். வீடிழந்து முகாம்களில் தங்கியோரில் 5.2 சதவீதத்தினரிடமும், இடம்பெயராதோரில் 2.8 சதவீதத்தினரிடமும் மனநோய்க் குறிகள் இருப்பதை அவர்கள் கண்டனர். நிக்கோபாரிகளின் கூட்டுக் குடும்ப அமைப்பு அத்துயரைத் தாங்கும் வலிமையைத் தந்தது என்றும் அவர்கள் குறிப்பிட்டனர். ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் அப்போது பயிற்சி அளிக்கப்பட்டது. துயருற்றவரைத் தனிமையில் விடாதிருத்தலே முதலுதவி என்பது அந்த அனுபவம் தரும் பாடமாகும்.

அமைதி பெறும் வழிகள்

1. சினம் மூண்டதும் பேச்சை நிறுத்துக. இடத்தை விட்டு அகன்று சிறிது தொலைவு நடந்து வருக. விவாதத்தை மறுநாளைக்கு ஒத்தி வைப்பதால் இழப்பொன்றும் இல்லை.

2. மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதனினும் மெதுவாக வெளிவிடுக. நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்னும் அளவு பொருத்தமானது. நெடிய வெளிமூச்சு வேகஸ் என்னும் நரம்பின் வழியே நாடித்துடிப்பைத் தணிக்கிறது.

3. நடந்த சண்டையை மனத்தில் மீண்டும் மீண்டும் நடத்திப் பாராதீர். மேற்கண்ட எட்டு நிமிடச் சோதனை இதற்கே எச்சரிக்கை.

4. நாள்தோறும் அரைமணி நேரம் நடை, போதிய உறக்கம், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம் திறந்து பேசுதல் ஆகியவற்றை வழக்கமாக்குக.

5. சோர்வு நீடித்தால் சுகாதார நிலையத்தை அணுகுக. டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல ஆலோசனையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பெறலாம்.

வகுப்பறைச் சோதனை

மாணவர்களை அமரச் செய்து, மணிக்கட்டில் நாடியைத் தொட்டு ஒரு நிமிடத் துடிப்பை எண்ணிக் குறிக்கச் சொல்லுக. பின்னர் ஐந்து நிமிடம் மேற்கூறியவாறு மூச்சுவிடச் செய்து மீண்டும் எண்ணச் சொல்லுக. பலரிடம் எண்ணிக்கை குறைந்திருக்கும், சிலரிடம் மாறாதிருக்கும். இரண்டையும் உள்ளவாறே எழுதுவதுதான் விஞ்ஞான முறை. மூச்சு முட்டுவோரை வற்புறுத்தலாகாது.

ஓர் எச்சரிக்கை

அமைதி மருந்துக்கு மாற்றன்று. அமெரிக்காவில் ஏறத்தாழ 2,500 நோயாளரிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசனை மனச்சோர்வைக் குறைத்தது. மரணத்தையும் மறுமுறை மாரடைப்பையும் குறைத்ததாகக் காணப்படவில்லை. ஆகவே இரத்த அழுத்த மருந்தை நிறுத்திவிட்டு மூச்சுப் பயிற்சியை நம்புவது பேதைமை.

அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. சண்டைக்குப் பின்னோ அழுகைக்குப் பின்னோ ஒருவர் மார்பில் இறுக்கம், இடக்கையிலும் தாடையிலும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றைக் கூறினால், கோபத்தால் வந்தது, தானே தணியும் என்று இருந்துவிடாதீர். உடனே அவரை நடக்கவிடாமல் அமரச் செய்து, அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்குச் செய்தி அனுப்புக. மாரடைப்பில் நிமிடந்தோறும் இருதயத்தசை அழிகிறது. பெரிய தீவின் மருத்துவமனையை அடையக் கப்பலோ ஹெலிகாப்டரோ வர வேண்டிய இடத்தில், முதலில் இழக்கும் அரைமணி நேரத்தைப் பின்னர் எவராலும் ஈடு செய்ய இயலாது. அந்த அரைமணி நேரத்தைக் காப்பது ஆசிரியரும் களப்பணியாளரும் ஆற்றக்கூடிய பெருந்தொண்டாகும்.