கைக்குழியில்தான் இருக்கிறது பாதி வழக்கு

அளவு ஜாக்கெட்டை விரித்து வைத்து அப்படியே வெட்டினால் அச்சு அசலாக வந்துவிடும் என்று நினைத்துத்தான் வீட்டில் தைக்கத் தொடங்குகிறோம். வராது. துவைத்துத் துவைத்துப் போட்ட ஜாக்கெட்டின் முன்பக்கம், அதுவும் கிராஸ் கட்டிங் என்றால், நீண்டு தளர்ந்திருக்கும். அதிலிருந்து உயரம், கை நீளம், கழுத்து இறக்கம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மார்பு, மேல்மார்பு, தோளிலிருந்து டாட் முனை வரை உள்ள நீளம் ஆகியவற்றை உடம்பில்தான் எடுக்க வேண்டும். நாமே எடுத்தால் சரிவராது. டேப்பைப் பிடிக்கக் கையைத் தூக்கினாலே தோள் ஏறிவிடும். அக்காவோ மகளோ எடுக்கட்டும். மூச்சை மட்டும் இழுத்துப் பிடிக்காதீர்கள்!

மார்பு 36 இஞ்ச் என்றால் கால் பங்கு 9, முன்னும் பின்னும் அதையே வைத்து வெட்டு என்பது சுலபமான கணக்கு. ஆனால் ஒருத்திக்கு அந்த 36 அகன்ற முதுகால் வரும், இன்னொருத்திக்கு முன்பக்கத்தால் வரும். இரண்டாமவளுக்கு முதுகில் துணி தொளதொளக்கும், முன்னால் கொக்கிகளுக்கு நடுவே இடைவெளி விழும். பக்கத் தையலைப் பிரித்து லூசாக்கினால் முதுகு இன்னும் மோசமாகும். முன்பக்கக் கால் பங்கில் அரை இஞ்ச் கூட்டி, பின்பக்கத்தில் அரை இஞ்ச் குறைத்தால் மொத்தச் சுற்றளவு மாறாது, இரண்டு கோளாறும் தீரும்.

கையைத் தூக்கினால் ஜாக்கெட்டும் கூடவே ஏறுகிறதா? கைக்குழி பிடிக்கிறது என்று எல்லாரும் அதை இன்னும் ஆழமாக வெட்டுவார்கள். அதனால் ஏறுவது கூடத்தான் செய்யும். அக்குளிலிருந்து குழி எவ்வளவு கீழே போகிறதோ, கை உயரும்போது அந்த அளவுக்குப் பக்கத் தையலும் மேலே இழுபடும். குழி அக்குளை ஒட்டி, ஒரு விரல் நுழையும் இடைவெளியோடு நின்றால் போதும். வெட்டிய துணி திரும்பி வராது என்பதால் நான் முதலில் ஆழம் குறைவாகவே வெட்டி, போட்டுப் பார்த்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடைகிறேன்.

அந்தக் குழியும் முன்னால் ஒரு மாதிரி, பின்னால் ஒரு மாதிரி. பின்பக்கத்தைவிட முன்பக்கம் அரை இஞ்ச் அளவு கூடுதலாகக் குடைய வேண்டும். கையின் மேல் வளைவிலும் முன்பாதிக்கு அதே குடைவு. மடித்து வெட்டிய இரண்டு கைகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆகவே வெட்டிய உடனே சாக்பீஸால் 'மு' என்று போட்டுவிடுங்கள். இடம் மாறித் தைத்தால் கை முறுக்கிக்கொண்டு, முன்பக்கத்தில் சுருக்கம் நிற்கும். மேல்கையில் குறுக்குக் கோடுகளாக இழுத்தால் அது வேறு கதை. கையின் மேல் வளைவு உயரத்தைச் சற்றுக் குறைத்து, அகலத்தைக் கூட்ட வேண்டும்.

டாட்டை மார்பின் உச்சி வரை கொண்டுபோனால் கூராகத் துருத்தும். அரை இஞ்ச் முன்னதாகவே நிறுத்தி, முனையில் ரிவர்ஸ் தையல் போடாமல் நூலைக் கையால் முடிச்சிடுங்கள்.

தோள் வழுக்கி இறங்கினால் முதுகில் நாடா கட்டி ஒப்பேற்றுகிறார்கள். கழுத்து அகலத்தில்தான் தவறு. நாடா அதை மறைக்கும், திருத்தாது. முதுகு இறக்கம் கூடினால் அகலத்தைக் குறைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் எந்த டைலராலும் தோளை நிறுத்த முடியாது.

பருத்தி லைனிங்கை வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயப்போடுவதும், பக்கத்தில் ஒரு இஞ்சாவது உள்மடிப்புத் துணி விடுவதும் பலருக்கும் தெரிந்ததே. பக்கத் தையலை முதலில் பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி முன் விறைப்பாக நின்று பார்த்தால் போதாது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கி, கீழே உட்கார்ந்து எழுந்து, முடிந்தால் புடவையோடு பார்க்க வேண்டும். பட்டு ஜாக்கெட் என்றால் லைனிங்கிலேயே இதை முடித்து, அந்த அளவைப் பட்டில் வரைந்த பிறகே ஆரி வேலைக்குக் கொடுக்கிறேன். கழுத்தோரம் கல்லும் ஜரிகையும் ஏறிவிட்டால் அங்கே கால் இஞ்ச் நகர்த்தவும் வழியில்லை.