மோட்டார் ஹோமில் கிளம்புமுன்...

நியூசிலாந்தில் மோட்டார் ஹோம் எடுத்து ஊர் சுற்றப் போகிறீர்களா? இவற்றைக் கவனியுங்கள்:

* டயரில் காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே பாருங்கள். பக்கவாட்டில் வயதும் இருக்கும்: '2319' என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு.

* சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். தரையிலுள்ள காற்றுத் துளைகளைப் பை, செருப்பு வைத்து அடைக்காதீர்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு.

* வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள். தாழ்வான பாலம், பெட்ரோல் பங்க் கூரைகளில் உதவும்.

* ஒவ்வொரு முறை நகர்த்தும் முன்பும் சிலிண்டர் வால்வு, மேல் ஜன்னல், அலமாரிக் கதவு, மின் கேபிள், வாசல் படி என ஒரு சுற்றுப் பாருங்கள்.

* கழிவுநீரை டம்ப் ஸ்டேஷனில் மட்டுமே கொட்டுங்கள்.