பழைய மெத்தையின் வழி



அன்றாடக் குப்பைத்தொட்டியில் அடங்காத கட்டில், மெத்தை, சோபா, அலமாரி போன்றவற்றைப் பெருங்கழிவு என்பர். தமிழ்நாட்டு வீடுகளில் இரும்பு பீரோ பழுதானால் அது காயலான் கடைக்குப் போய்ச் சிறிது பணமாகவும் மாறிவிடும். பஞ்சு பிதுங்கிய மெத்தையையோ எடுத்துக்கொள்வார் எவருமில்லை. விலையுள்ள பொருள் தானே வழி தேடிக்கொள்ள, விலையற்றது இரவோடு இரவாகக் கால்வாய்க்கரையைச் சேர்கிறது என்பதே இச்சிக்கலின் வேர்.

உள்ளாட்சிகள் இதற்குக் கையாளும் வழிகள் பல. ஆண்டில் சில நாட்களைக் குறித்துத் தெருத்தெருவாக இலவசமாக அள்ளுவது ஒன்று. மக்களே கொண்டுவந்து இறக்கும் கிடங்கைத் திறந்து வைப்பது மற்றொன்று. முன்பதிவின் பேரில் வீட்டு வாசலுக்கே வந்து எடுப்பது வேறொன்று. முதல் வழி வீட்டாருக்கு எளிதெனினும், குறித்த நாள் தவறினால் பழம்பொருள் மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடக்கும். கிடங்கோ வண்டி வைத்திருப்போருக்கு மட்டுமே உதவும்.

முன்பதிவு முறைக்கு டோக்கியோ நகரின் 23 வட்டாரங்கள் நல்ல சான்று. ஒரு பக்கம் ஏறத்தாழ 30 செ.மீ.க்கு மேல் நீளும் வீட்டுப் பொருள் அங்கே 'சோதாய் கோமி', அதாவது பெருங்குப்பை, எனப்படுகிறது. வீட்டார் தொலைபேசியிலோ இணையத்திலோ பதிவு செய்து, பொருளுக்குரிய கட்டணத்தை அறிந்து, 200 யென், 300 யென் மதிப்புள்ள ஒட்டுச்சீட்டுகளை அருகிலுள்ள கடையில் வாங்கி, அவற்றில் பெயரையோ பதிவெண்ணையோ எழுதிப் பொருளின் மேல் ஒட்டி, குறித்த நாள் காலை 8 மணிக்குள் வாசலில் வைத்துவிட வேண்டும். உள்ளங்கையளவுச் சீட்டுதான்; ஆயினும் அப்பொருள் கேட்பாரற்றுக் கிடப்பதன்று, கட்டணம் செலுத்தப்பட்டது என்பதைத் தெருவில் போவோர்க்கெல்லாம் அது சொல்லிவிடுகிறது.

கட்டணத்தை எப்போது வாங்குவது என்பதே இதில் மிக நுட்பமான கேள்வி. அதற்கு ஜப்பானே இருவேறு விடைகளைத் தந்துள்ளது. குளிர்சாதனக் கருவி, தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றுக்காக 1998இல் இயற்றப்பட்டு 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், மறுசுழற்சிக் கட்டணத்தைப் பொருளைக் கழிக்கும்போது செலுத்தச் செய்தது. பணம் கொடுக்க மனமில்லாதவருக்கு மலையடிவாரம் இலவசமாகத் தோன்றியதில் வியப்பில்லை. கார்களுக்காக 2002இல் இயற்றப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டமோ, புதிய வண்டி வாங்கும்போதே கட்டணத்தை வாங்கி வைத்துக்கொண்டது. 2004இல் முறைகேடாகக் கொட்டப்பட்டும் குவிக்கப்பட்டும் கிடந்த கார்கள் ஏறத்தாழ 2,18,000. பத்தாண்டுகளுக்குப்பின் அவை சில ஆயிரங்களாகக் குறைந்தன. பழைய இரும்பின் விலையேற்றமும் இதற்குத் துணைநின்றதால், புகழ் முழுவதையும் சட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. எனினும் கட்டணத்தை முன்கூட்டி வாங்குவதே அறிவுடைய ஏற்பாடு எனத் துணியலாம்.

தண்டனையும் வேண்டும்தான். ஜப்பானில் முறைகேடாகக் கொட்டுபவருக்கு ஐந்தாண்டு வரை சிறையோ, ஒரு கோடி யென் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனமாயின் அபராதம் 30 கோடி யென் வரை உயரும். இருந்தும், பழம்பொருளை எடுத்துக்கொள்வதாக ஒலிபெருக்கியில் அறிவித்தபடி உரிமமற்ற சிறு லாரிகள் குடியிருப்புகளைச் சுற்றிவருவதும், வாங்கிய சரக்கில் உதவாததை அவற்றுட் சில காட்டோரம் கவிழ்த்துவிட்டுப் போவதும் அங்கே பழைய தொல்லைகள். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், இருளில் நடக்கும் குற்றத்துக்குச் சாட்சி கிடைப்பது அரிது என்பதால் கடுந்தண்டனை பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிடுகிறது.

ஆகவே, தம்பி, ஒரு நகராட்சியின் கழிவுத் திட்டத்தைப் படிக்க நேர்ந்தால் அபராதப் பட்டியலைப் பிறகு புரட்டிக்கொள்ளலாம். வண்டியில்லாத, மாடியில் குடியிருக்கும் ஒரு மூதாட்டி தம் பழைய மெத்தையை அகற்ற யாரை அழைக்க வேண்டும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை முதலில் அதில் தேடிப் பார்.