நடுவழியில் நின்ற ‘பிளீச்’

கேள்வி: ஆசை ஆசையாக ‘பிளீச்’ அனிமே பார்க்கத் தொடங்கினேன். 63 எபிசோடு வரை தூக்கமில்லை. அதன்பிறகு வேறு ஏதோ தொடர் போல ஆகிவிட்டது. ரசனைக் குறைவு என்னிடமா?

பதில்: உங்களிடம் இல்லை. நாயகன் இச்சிகோ தன் தோழி ருக்கியாவை மீட்கும் கதை 63இல் முடிகிறது. 64இல் தொடங்கும் ‘பவுண்ட்’ என்னும் இனத்தாரின் கதை, டைட் குபோ வரைந்த மூலச் சித்திரக்கதையான மங்காவிலேயே கிடையாது. வார இதழில் அவர் வாரம் ஓர் அத்தியாயம் வரைந்துவந்தார். தொலைக்காட்சிக்கும் வாரம் ஓர் எபிசோடு வேண்டியிருந்தது. ஓர் எபிசோடு இரண்டு அத்தியாயங்களைக்கூட விழுங்கிவிடும். மூலக்கதையை எட்டிப்பிடித்துவிடாமல் இருக்க இட்டு நிரப்பியவைதான் இந்த ‘ஃபில்லர்’கள். பவுண்ட் கதை மட்டும் 40 எபிசோடுக்கு மேல்!

அதையாவது பொறுக்கலாம். 167 வரை ஹுவெகோ முண்டோ என்னும் எதிரி உலகில் உயிர்ப்போராட்டம். 168இல் திடீரென்று அமகாய் என்று ஒரு புதிய கேப்டன் வந்து நிற்கிறார். சண்டையை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

64 முதல் 109 வரையும், 168 முதல் 189 வரையும் தயங்காமல் தாண்டுங்கள். 2012இல் 366ஆம் எபிசோடோடு நின்ற தொடர், பத்தாண்டு கழித்து 2022 அக்டோபரில் இறுதிக்கதையோடு திரும்பியது. இம்முறை மங்கா முழுதும் கையில் இருந்தது. இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. தலைமைக் கேப்டன் யமமோட்டோ வாளை உருவும் காட்சியை அதில் பாருங்கள். அதற்காகவாவது இச்சிகோவைக் கைவிடாதீர்கள்.