சாசனங் காணச் செல்வோர்க்கு
தம்பலகாமத்தில் ஆதி கோணநாயகரைத் தரிசித்தபின், 1620களில் போர்த்துக்கேயர் இடித்தழித்த திருக்கோணேச்சரத்தின் சாசனக் கல்லையும் இரட்டை மீன் சின்னத்தையும் திருகோணமலைக் கோட்டை வாயிலில் காண விழைவோரும், பெரியகுளத்தருகே இராஜராஜப் பெரும்பள்ளி என்னும் பௌத்த விகாரையின் சோழர்காலத் தமிழ்ச் சாசனங்களைப் படிக்க விரும்புவோரும், சூரியன் சாய்ந்து நிற்கும் காலையிலோ மாலையிலோ செல்வார்களாயின், உச்சிவெயிலில் மறைந்துபோகும் எழுத்துக்கள் பக்கவொளியில் நிழல்கொண்டு தெளிவாய்த் தோன்றும். எழுத்துத் தெரியவில்லையென்று சுண்ணக்கட்டி தேய்ப்பதும் ஆணியாற் கீறுவதும் நம் முன்னோருக்கே இழைக்கும் துரோகம். கைவிளக்கொன்றைப் பக்கவாட்டிற் பிடித்தாலே போதுமானது. புனித ஸ்தலங்களிற் பாதரட்சையைக் கழற்றவேண்டுமாதலால், சுடுகல்லிலே நடப்பதற்குக் காலுறை உதவும். கோட்டைக்குள் இராணுவத்தினர் இருப்பதனால், படமெடுக்குமுன் அனுமதி கேட்டுக்கொள்க. ஐப்பசி முதல் தை வரையில் இப்பிரதேசத்தில் வாடைமழை மிகுதி. பங்குனிக்குப் பின் பிரயாணஞ் செய்வது உத்தமம்.